அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற வீடு

மொத்தம் 43 படி. எண்ணியது அம்மா.

கொடைக்கானலில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீடு, ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. வேனை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் ஹாரன் அடித்தார். கீழிருந்து ஒருவர் வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடிவிட்டார்கள். அம்மா மட்டும் முதல் படியில் நின்று கீழே பார்த்தார். கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். ஓரங்களில் பாசி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. அம்மாவுக்கு அப்போது 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறு காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, அப்படியே இறங்கினார். பதினேழாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்கம்மா. நான் சித்த உக்காந்துட்டு வர்றேன்."

பிறகு என் வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். அடுத்த இரண்டு நாளும் அம்மா அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள் ஏரிக்குப் போனோம், பிரையன்ட் பூங்காவுக்குப் போனோம், கோக்கர்ஸ் வாக் போனோம். அம்மா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் "பிள்ளைக சாப்பிட்டுச்சுகளா?" என்று மட்டும் கேட்பார். மூன்றாம் நாள் காலையில் அந்தப் படிகளில் மேலே ஏறி வர 25 நிமிடம் ஆனது. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் "43 படிடி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வீட்டு ஓனர் எங்களை ஏமாற்றவில்லை. அந்த வீட்டின் போட்டோக்கள் 22 பார்த்தேன். ஹால், பெட்ரூம், புல்வெளி, மாடியிலிருந்து தெரியும் மேகம் என்று எல்லாம் அதில் இருந்தபடியேதான் நேரிலும் இருந்தன. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது என்பது மட்டும் ஒரு படத்திலும் இல்லை. இரண்டு முறை போன் பேசினேன். வாடகை கேட்டேன், கேம்ப் ஃபயர் உண்டா என்று கேட்டேன், சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன். "வாசல்வரை வண்டி வருமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உள்ளதைச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துக்கு வீடு பிடிக்கும் வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்னும் மூன்று முறை மலையேறிவிட்டோம். ஒரு முறை பணமும் போனது. கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால், வயதானவர்களை அழைத்துப் போகும் யாருக்காவது உதவும்.

ஹோட்டலுக்கே போய்விடலாமே என்று தோன்றும். நாங்கள் 11 பேர். ஹோட்டல் என்றால் நான்கு அறை, அதுவும் ஒரே தளத்தில் கிடைக்காது. அம்மாவுக்கு ராத்திரி ஏழரைக்கெல்லாம் ரசஞ்சாதம் வேண்டும். அக்கா பேரனுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். எல்லாவற்றையும்விட, ராத்திரி எல்லோரும் ஒரே ஹாலில் கம்பளியை விரித்துப் போட்டு உட்கார்ந்து பேசுவதற்காகத்தான் இத்தனை தூரம் போகிறோம். அது ஹோட்டல் அறையில் நடக்காது. அதனால் வீடுதான்.

இப்போதெல்லாம் செல்போனைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுக்கிறேன். யார் யார் வருகிறார்கள், அவர்களில் யாருக்கு எது முடியாது என்று எழுதுகிறேன். அம்மாவுக்குப் படி ஆகாது, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், ராத்திரி இரண்டு முறை எழுந்து போவார், அதனால் பாத்ரூம் அறையோடு ஒட்டியிருக்க வேண்டும். அத்தானுக்கு மூச்சிரைப்பு, ஓதம் ஏறிய அறை ஆகாது. அக்கா பேரனுக்கு ஒன்றரை வயது, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி ஆகாது. இந்தத் தாளில் உள்ளதுதான் முதல் சல்லடை. வியூ, ஊஞ்சல், கண்ணாடிச் சுவர் எல்லாம் இதில் தேறிய வீடுகளுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியவை. முதல் முறை நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

அடுத்தது இடம். 'கொடைக்கானல்' என்று போட்டிருக்கும் வீடு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மலையேறும்போது ஊருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முன்னாலேயே வரும் பெருமாள்மலையில் இருந்தாலும் கொடைக்கானல்தான், ஊரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போல உள்ளே போகும் பூம்பாறையில் இருந்தாலும் கொடைக்கானல்தான். சீசன் நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் வருவதற்குள் வண்டி எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும். கீழே வீடு எடுத்துவிட்டுத் தினமும் ஏரிக்கு வந்து போவதென்றால் பாதி நாள் வேனிலேயே கழியும். ஏழு ரோடு, மூஞ்சிக்கல் பக்கம் எடுத்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் ராத்திரி பதினொரு மணிவரை வண்டிச் சத்தம் கேட்கும், வாடகையும் கூடுதல். வட்டக்கானல் பக்கம் காட்சி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ரோடு குறுகல், பல வீடுகளுக்கு நடந்துதான் இறங்க வேண்டும். முதுகில் பையோடு வரும் இளவட்டங்களுக்கு அது சரி, எங்களுக்குச் சரிவராது. அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கி பக்கம் வாடகை கொஞ்சம் இறங்கும், அமைதி உண்டு. அங்கே மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை போகும் மண்பாதையைத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணையில் ஒரு கேள்வியை மறக்கவே கூடாது. "எந்த வண்டி வரை வரும்?" வண்டி வரும் என்று சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஜீப். நாம் போவது டெம்போ டிராவலர். இறக்கத்தில் இறங்கிவிடும், திருப்ப இடம் இருக்காது. அல்லது மழை பெய்தால் ஏறாது. பிறகு ஊர் ஜீப்பைப் பிடித்து, ஒவ்வொரு தடவையும் இருநூறு முந்நூறு கொடுத்து மேலே வர வேண்டும். நான் வண்டியின் பெயரைச் சொல்லியே கேட்பேன். "அண்ணே, பன்னெண்டு சீட் டெம்போ டிராவலர் வாசல் வரைக்கும் வந்து திரும்புமா?" பதில் சொல்லும் முன் கொஞ்சம் யோசித்தார் என்றால் வராது என்று அர்த்தம்.

அதே மூச்சில் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்றும் கேட்டுவிடுவேன். முதல் முறை எங்கள் டிரைவர் தம்பி வேனுக்குள்ளேயே, ஒரு போர்வையோடு, அந்தக் குளிரில் இரண்டு ராத்திரி படுத்திருந்தார். எனக்கு அது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் நம் அத்தனை பேர் உயிரையும் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர் தூங்கியிருக்க வேண்டாமா? டிரைவர் அறை இல்லாத வீட்டை இப்போது நான் எடுப்பதே இல்லை. பக்கத்தில் தனியாக அறை எடுத்துத் தரச் சொல்லி அதற்கான வாடகையைச் சேர்த்துக் கொடுத்தாலும் சரி.

வீட்டு ஓனர் பெரும்பாலும் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பார். அவருக்கு வீட்டின் விலை தெரியும், வீட்டின் குணம் தெரியாது. கீசர் எத்தனை பேருக்குச் சுடுதண்ணி தரும், எந்த அறை ஜன்னலில் காற்று அடிக்கும், தண்ணி எப்போது வரும் என்பதெல்லாம் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். அதனால் ஓனரிடம் வாடகை பேசி முடித்ததும், "வீட்டைப் பாத்துக்கிற அண்ணன் நம்பர் தாங்க சார், ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்று கேட்பேன். கொடுக்கத் தயங்கினால் நானும் தயங்குவேன்.

அந்த அண்ணனிடம் வாட்ஸ்அப் வீடியோ காலில் பேசுவது என் வழக்கம். கேமராவைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடக்கச் சொல்வேன். கேட், வாசல், ஹால், அம்மா படுக்கப் போகும் அறை, அந்த பாத்ரூம் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டச் சொல்வேன். மூன்றாவது முறை வீடு பிடித்தபோது அப்படி ஒருவர் காட்டிக்கொண்டே வந்தார். பாத்ரூம் வாசலில் கேமரா லேசாகக் குலுங்கியது. "என்னண்ணே அது?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, இங்க ஒரு படி இருக்கு. அரையடி இருக்கும்." அந்த அரையடி எந்தப் போட்டோவிலும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் அம்மாவுக்கு அந்த அரையடி போதும், இடுப்பு எலும்பு போய்விடும். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அம்மாவ அந்தாண்ட ரூம்ல படுக்க வைங்கக்கா. அது சின்னது, ஆனா பாத்ரூம் சமதளம்" என்றார். ஓனரிடம் நூறு கேள்வி கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வந்திருக்காது.

தண்ணீர் பற்றியும் இந்த அண்ணன்மாரிடம்தான் கேட்க வேண்டும். மேகம் தவழும் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமா என்று நினைப்போம். கோடையில் கொடைக்கானலில் பல வீடுகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. 11 பேர் குளித்தால் தொட்டி எத்தனை நாள் தாங்கும், தீர்ந்தால் லாரிக்குப் பணம் யார் தருவது என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் வேலை செய்யும்? கீசர் இன்வெர்ட்டரில் ஓடாது. சமையலறையில் கேஸ் சிலிண்டர் வாடகையில் சேர்த்தியா, தனிக் காசா? சில வீடுகளில் சமையலறையைக் காட்டுவார்கள், சமைக்க விடமாட்டார்கள். அங்கே இருப்பது டீ போட மட்டும்.

சமைக்க விடுகிற வீடு என்றால், குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கொண்டுபோங்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் சாதம் வேக நேரமாகும், பருப்பு லேசில் வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு ஒன்றே கால் மணி நேரம் அடுப்படியில் நின்ற என் அக்காவைக் கேட்டால் தெரியும். இட்லி மாவும் அங்கே புளிக்காது. மதுரையிலேயே ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்விடுகிறோம். அந்தக் குளிரில் மூன்று நாளும் கெடாமல் இருக்கும்.

இனி பணம் போன கதை.

இரண்டாவது முறை, மே மாத விடுமுறை. தேடத் தொடங்கியபோதே நாள் கடந்துவிட்டது. கேட்ட இடமெல்லாம் "புக் ஆயிருச்சு மேடம்". அந்த நேரத்தில் தம்பிக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நாலு பெட்ரூம், ஏரி பார்த்த பால்கனி, சீசனில் மற்றவர்கள் கேட்ட வாடகையில் பாதி. போன் எடுத்தவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, அரை மணி நேரத்துக்குள் 8,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன் என்றார். தம்பி போட்டுவிட்டான். பத்து நிமிடம் கழித்து அதே ஆள், "சார், சிஸ்டத்துல முழுத் தொகை கட்டினாத்தான் கன்ஃபர்ம் ஆகுது, இன்னொரு 8,000 போடுங்க, மிச்சத்தத் திருப்பி அனுப்பிடுறேன்" என்றார். அப்போதுதான் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

நான் அந்த பால்கனிப் படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே படம், அதே பிரம்பு நாற்காலி, மூணாறில் உள்ள ஒரு ரிசார்ட்டின் பக்கத்தில் இருந்தது. ஜிபே ரசீதில் பணம் வாங்கியவர் பெயர் போனில் சொன்ன பெயர் இல்லை. இரண்டையும் பணம் போடும் முன் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. மறுபடி அந்த நம்பருக்கு அழைத்தபோது, சரி, பணத்தைத் திருப்பித் தருகிறேன், நான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார். தம்பி கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டேன். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும், அவ்வளவுதான். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாக வயதானவர்களுக்கு, திரும்பத் திரும்பச் சொல்லி வைக்க வேண்டும்.

உடனே 1930-க்கு அழைத்தோம். இது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். பணம் போன உடனே அழைத்தால், அது இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முயற்சி செய்வார்கள். பரிவர்த்தனை எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். எங்கள் பணம் திரும்பவில்லை. நாங்கள் அழைப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தம்பி ரொம்ப நாள் அதையே நினைத்து வருந்தினான். அவனை நான் ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அவசரப்படுத்தி யோசிக்க விடாமல் செய்வதுதானே அவர்கள் தொழில்.

அதற்குப் பிறகு எனக்கு நானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு உண்டு. படங்களை லென்ஸில் போடுவேன். கூகுள் மேப்பில் அந்த வீடு இருக்கிறதா, அதில் ஓனர் போட்ட படங்கள் அல்லாமல் தங்கியவர்கள் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். தங்கியவர்கள் எடுத்த படத்தில்தான் ஓதம் பிடித்த சுவரும், கேட்டுக்கு வெளியே உள்ள மண்பாதையும் தெரியும். ரிவியூவில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படிப்பேன். அவர்களுக்குக் கோபமும் கிடையாது, தயவும் கிடையாது, உள்ளதைச் சொல்லியிருப்பார்கள். "கொஞ்சம் நடக்கணும்" என்று எவராவது எழுதியிருந்தால், எங்களுக்கு அந்த வீடு வேண்டாம்.

ஏர்பிஎன்பி மாதிரியான தளம் வழியாகப் போட்டால் சேவைக் கட்டணம் கூடும்தான். ஆனால் நாம் கட்டும் பணம் நேராக ஓனருக்குப் போவதில்லை. நாம் போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஆன பிறகே அவருக்குப் போகும். வீடு சொன்ன மாதிரி இல்லையென்றால் முறையிட அவகாசம் இருக்கும். அங்கே புக்கிங் உறுதியாகும் முன் போன் நம்பர் தெரியாது, அதனால் என் கேள்விகளை எல்லாம் மெசேஜில் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிவிடுவேன். "தளத்துக்கு வெளியே நேரா ஜிபே பண்ணுங்க, குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பார்க்கப் போய், அந்தப் பாதுகாப்பு முழுதும் போய்விடும்.

நேரடியாகப் பேசி எடுக்கும் வீடு என்றால் அட்வான்ஸ் கால்வாசிக்கு மேல் கொடுப்பதில்லை. பேசியதை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக நானே எழுதி அனுப்பி, "சரிதானே சார்?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலை வாங்கிவிடுவேன். எத்தனை பேர், எத்தனை ராத்திரி, எக்ஸ்ட்ரா மெத்தைக்கு எவ்வளவு, சமையலறை, டிரைவர் அறை, வரமுடியாமல் போனால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போது இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஒருமுறை கிளம்ப நான்கு நாள் இருக்கையில் அத்தானுக்கு மூச்சிரைப்பு கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருந்ததால், ஓனர் மறுபேச்சில்லாமல் வேறு தேதிக்கு மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்தாலும் எழுதி வாங்குவது நல்லது, இரு பக்கமும் மறக்காது.

வீட்டுக்கு முறையான அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். 2019-இல் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலில் விதிமீறிக் கட்டிய பல கட்டடங்களுக்கு சீல் வைத்தார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பூட்டின கதவின் முன் நின்றால் யாரிடம் போவது? நான் நேரடியாக அனுமதிக் கடிதம் கேட்பதில்லை, "பில் தருவீங்களா சார்?" என்று கேட்பேன். முறையாக நடத்துகிறவர் உடனே தருகிறேன் என்பார்.

எங்கள் சித்தி கனடாவிலிருந்து வந்திருந்த வருஷம் இன்னொன்று கற்றுக்கொண்டோம். சித்திக்கு இப்போது கனடா பாஸ்போர்ட். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பல சின்ன ஓனர்கள் அதற்கான கணக்கே தொடங்கியிருக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முடியாது என்று விடுவார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வருகிறார்கள் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். நமக்கு ஆதார் கேட்பார்கள். முழு எண்ணும் தெரிகிற நகலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதில்லை. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, வந்துவிட்டது தெரிந்திருக்கும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வீட்டை உறுதி செய்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இ-பாஸ் கிடைக்காமல் திண்டாடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். அந்த நேரத்து விதி என்ன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மே மாதமே வேண்டாம். செப்டம்பரில், வார நடுவில் போங்கள். கூட்டமில்லை, வாடகை இறங்கியிருக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் நம்மோடு பேச நேரம் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்கிறது என்று, கரி போட்ட அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். கொடைக்கானலிலேயே இளம்பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப் போக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த பாத்ரூமைக் குளிக்கப் பயன்படுத்தாதீர்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள், எத்தனை கேட்டாலும் தருவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியை இறக்கும் முன் நான் வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிடுவேன். உடைந்த நாற்காலி, கீறல் விழுந்த கண்ணாடி எல்லாம் அதில் வந்துவிடும். டெபாசிட்டைத் திருப்பி வாங்கும்போது பேச்சு வளராது. வாட்ச்மேன் அண்ணன் கோபித்துக்கொள்வாரோ என்று முதலில் கூச்சப்பட்டேன். "நல்லதுக்கா, எங்களுக்கும் அதான் சவுகரியம், போன வாரம் வந்தவங்க ஒடச்சத எங்க தலையில கட்டுறாங்க" என்றார்.

அந்தப் பாத்ரூம் படியைக் காட்டிக் கொடுத்தவர்தான் இந்த அண்ணன். அவர் பார்த்துக்கொள்ளும் வீட்டைத்தான் மூன்றாவது முறை எடுத்தோம். மூன்று பெட்ரூம், ஒரு ராத்திரிக்கு 9,500 ரூபாய், மெத்தை நான்குக்குத் தனியாக 1,200. வாசலில் வேன் நின்றது. வேனிலிருந்து இறங்கி அம்மா பத்து எட்டு வைத்தார், திண்ணை வந்துவிட்டது. உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் இருக்கும்போது, "யாரும் கேட்டைத் திறக்காதீங்க" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் அண்ணன். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கேட்டுக்கு அந்தப் பக்கம், தெருவிளக்கு வெளிச்சத்தில், ஒரு காட்டுமாடு நின்றது. கன்னங்கரேலென்று மலை மாதிரி உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. வேலியோரப் புல்லை நிதானமாக மேய்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு புகையாகப் போவதுகூடத் தெரிந்தது. டார்ச் அடிக்கக் கூடாது, போட்டோவுக்காக வெளியே போகக் கூடாது, அதுவாகப் போய்விடும் என்றார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அம்மாவும் ஜன்னலோரம் நின்றுதான் பார்த்தார், உட்காரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். காபியோடு அம்மா அறைக்குப் போனால் ஆளைக் காணோம். திண்ணையிலும் இல்லை. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். ரோட்டோரத்தில், தலையில் மங்க்கி கேப்பும் சேலை மேல் என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டருமாக அம்மா நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு அம்மாள் சாக்கை விரித்துப் பட்டர் பீன்ஸும் மலைப்பூண்டும் வைத்திருந்தார். பூண்டை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்து, விலையை இன்னும் இருபது ரூபாய் இறக்கச் சொல்லி நடந்துகொண்டிருந்தது பேரம். அந்த அம்மாள் இறங்கவில்லை. அம்மா விடவுமில்லை.

என்னைப் பார்த்ததும், "பர்ஸ எடுத்துட்டு வா. அப்படியே அந்த வாட்ச்மேன் தம்பி நம்பர என் டைரில எழுதிக் குடு" என்றார்.